உள்ளரங்கக் கால்பந்து: சம்பளம் தருவது யார் என்று முதலில் கேளுங்கள்

ஐஸ் ஹாக்கி அரங்கின் பனித்தளத்தில் பலகைகளைப் பரப்பி, அவற்றின் மேல் செயற்கைப் புல் விரிப்பைச் சுருள் சுருளாக விரிக்கிறார்கள். சுமார் 200 அடி நீளம், 85 அடி அகலம். சுற்றிலும் பலகைச் சுவர், அதற்கு மேல் கண்ணாடி போன்ற தடுப்பு. பந்து சுவரில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் நிற்காது. கோல்கீப்பரையும் சேர்த்து அணிக்கு ஆறு பேர். ஒன்றிரண்டு நிமிடம் மூச்சைப் பிடித்து ஓடிவிட்டு ஒருவர் வெளியேற, அடுத்தவர் சுவரைத் தாண்டிக் குதித்து உள்ளே வருவார். அமெரிக்காவில் ‘அரீனா சாக்கர்’ என்ற இந்த ஆட்டம் பார்ப்பவர்களுக்கு விருந்து. ஆடுபவரின் முழங்காலுக்கு அப்படியில்லை.

இரண்டு சுருள்கள் சேரும் இடத்தில் விரிப்பு சற்றே தூக்கிக்கொண்டிருந்தால் போதும். வேகமாகத் திரும்பும்போது ஷூ அதில் மாட்டி, பாதம் அங்கேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பும். ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார் அறுந்தால், அறுவை சிகிச்சைக்குப் பின் மறுபடி களமிறங்க ஒன்பது மாதம்கூட ஆகலாம். சீசனோ குளிர்காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடிந்துவிடும். பல ஒப்பந்தங்களும் அதோடு சரி. கால் குணமாவதற்குள் முதலாளியே இல்லாமல் போய்விடுகிறார்.

வேலையில் அடிபட்டவருக்குச் சிகிச்சைச் செலவும், இழந்த கூலியில் ஒரு பகுதியும் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அமெரிக்க மாநிலங்கள் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களை வைத்திருக்கின்றன. யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லா மாநிலமும் ஒன்றல்ல. ஃபுளோரிடா சட்டம் தொழில்முறை விளையாட்டு வீரர்களை இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. அங்கே கையெழுத்திடுபவர், கிளப் தனியாகக் காப்பீடு எடுத்திருக்கிறதா என்று கேட்டு, பாலிசியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வாய்வார்த்தையை நம்பிப் பயனில்லை. கலிஃபோர்னியாவில் நிலைமை மேல்: காயம் தெரியவந்த ஒரு வேலை நாளுக்குள் கிளப் கோரிக்கைப் படிவத்தைத் தர வேண்டும், கோரிக்கை பரிசீலனையில் இருக்கும்போதே 10,000 டாலர் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும். வீரர் 30 நாளுக்குள் காயத்தைத் தெரிவித்துவிட வேண்டும். ‘கொஞ்சம் வலிக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். வெளிமாநில அணிக்கு ஆடிவிட்டு, ஓரிரு ஆட்டத்துக்கு மட்டும் கலிஃபோர்னியா வந்துபோனவர்களுக்கு 2013-இல் அந்தக் கதவும் பெருமளவு மூடப்பட்டது.

அடுத்த வலை வரிப் படிவத்தில் இருக்கிறது. சம்பளக்காரர் என்றால் ஆண்டு முடிவில் ‘டபிள்யூ-2’ வரும். ‘1099’ வந்தால், உங்களைத் தனி ஒப்பந்ததாரராகக் காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இழப்பீடு, வேலையில்லாக் கால உதவி, சங்கம் சேரும் உரிமை மூன்றும் அந்த ஒரு தாளில் நழுவிவிடும். ஆனால் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது முடிவான பேச்சு அல்ல. பயிற்சி நேரம், பயணம், சீருடை, யார் இறங்குவது என எல்லாவற்றையும் கிளப்பே தீர்மானிக்கிறது என்றால், நீங்கள் ஊழியர்தான் என்று மாநிலத் தொழிலாளர் துறையிடம் வாதிடலாம். பயிற்சியாளர் அனுப்பிய குறுஞ்செய்திகள்கூட அதற்குச் சான்றாகும், அழிக்காதீர்கள்.

வெளிநாட்டு வீரருக்கு இன்னொரு கவலை விசா. விளையாட்டு வீரர்களுக்கான பி-1 (P-1) விசா எந்த முதலாளியின் மனுவில் கிடைத்ததோ அவரோடு கட்டுண்டது. கிளப் நடுவில் நீக்கினால், ஊர் திரும்ப நியாயமான பயணச் செலவை அதுவே ஏற்க வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. கிளப்பும் தானாகச் சொல்லாது. ஆனால் வேலை போனபின் ஹெச்-1பி ஊழியருக்குக் கிடைக்கும் 60 நாள் வரையிலான அவகாசம் பி-1 வீரருக்கு இல்லை. நீக்கக் கடிதம் வந்த அன்றே வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

கிளப்பையும் விடுங்கள், லீகே போய்விடும். 1978-இல் தொடங்கிய மேஜர் இண்டோர் சாக்கர் லீக் 1992-இல் மூடப்பட்டது. 1993-இல் வந்த கான்டினென்டல் இண்டோர் லீக் 1997 வரைதான். வட அமெரிக்கக் கால்பந்து லீக் வழக்கில், சங்கப் பேச்சுவார்த்தையைப் பொறுத்தவரை லீகும் கிளப்களும் கூட்டு முதலாளிகள் என்று 1980-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. சங்கம் வைக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய பலம். ஆனால் கிளப் திவாலானால் பாக்கியை லீக் தரும் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த உத்தரவாதம் ஒப்பந்தத்தில் தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஃபிஃபாவின் குடை இங்கே எவ்வளவு தூரம் விரியும்? ஃபிஃபா தன் உள்ளரங்க ஆட்டமாக நடத்துவது ஃபுட்சால்; பலகைச் சுவர் ஆட்டம் வேறு. அந்த இடைவெளி சிலருக்கு வரமாகவும் இருந்தது. யூகோஸ்லாவியாவின் ஹஜ்டுக் ஸ்பிளிட்டை விட்டு 1978-இல் அமெரிக்கா வந்த ஸ்டீவ் சுங்குல், ஃபிஃபாவின் தடையால் திறந்தவெளியில் ஆட முடியாமல் உள்ளரங்கத்தில் ஆடி, 652 கோல் அடித்தார். குடைக்கு வெளியே இருப்பவரைத் தடை எட்டவில்லை. பாதுகாப்பும் அதேபோல எட்டாது.

குடைக்கு வெளியே நடந்த ஆட்டத்துக்குச் சென்னையிலும் ஓர் உதாரணம் உண்டு. 2016 ஜூலையில் நேரு உள்விளையாட்டரங்கில் பிரீமியர் ஃபுட்சால் தொடங்கியது. ஃபால்காவ், ஸ்கோல்ஸ், ரொனால்டினியோ வந்தார்கள். ரஹ்மான் இசையில் விராட் கோலி பாடினார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு மட்டும் அதை அங்கீகரிக்கவில்லை. 2017-க்குப் பிறகு அந்தப் போட்டி இல்லை. இப்படி அங்கீகாரம் இல்லாத போட்டியில் பணம் நின்றால் சிவில் நீதிமன்றம்தான் வழி; ஒப்பந்தத் தொகைக்கு இந்தியாவில் பொதுவாக மூன்றாண்டுக் கெடு.

அங்கீகாரம் பெற்ற கிளப் என்றால் ஃபிஃபா விதி கை கொடுக்கும். இரண்டு மாதச் சம்பளம் நின்றதும், பாக்கியைத் தரக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து கிளப்புக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதற்குள் பணம் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கலாம், நஷ்ட ஈடும் கேட்கலாம். நோட்டீஸ் அனுப்பாமல் கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்தான் என்று கிளப் திருப்பிவிடும். வெளிநாட்டு வீரர் ஃபிஃபா தீர்ப்பாயத்தை அணுகக் கெடு இரண்டாண்டு. உள்ளூர் வீரர் முதலில் போக வேண்டியது தன் நாட்டுக் கூட்டமைப்பிடம்.