சிவாஜிநகரில் எங்கள் குடித்தனம்

ஊரிலிருந்து எங்கள் இல்லத்திற்கு வரும் உறவினர், காலணியைக் கழற்றும்போதே ஒரு வினாவைக் கேட்டுவிடுகின்றனர். "பெங்களூரில் பிள்ளைகள் என்ன மொழி பேசுகிறார்கள்?" என்பதே அது. இதற்கு ஒரு சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. காலையில் பால் வாங்கும்போது கன்னடம், மாடிப்படியில் உருது, பள்ளியில் ஆங்கிலம், அடுக்களையில் தமிழ். பொழுது சாயும்போது இந்நான்கும் கலந்த ஒரு மொழி எங்கள் வீட்டில் நடமாடும். அதற்குப் பெயரில்லை.

நாங்கள் குடியாத்தத்திலிருந்து 2016 ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்குக் குடியேறினோம். என் கணவர் சிவாஜிநகரில் மோட்டார் உதிரிப்பாகக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறார். ரஸ்ஸல் மார்க்கெட்டிற்குப் பின்புறம், இரு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய அளவே அகலமுள்ள தெருவில், இரண்டாம் மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். மூத்தவளுக்கு அப்போது மூன்று வயது. இளையவன் 2018 இல் இங்கேயே பிறந்தான்.

வந்த புதிதில், வேற்று நிலத்திற்கு வந்துவிட்டோமே என்னும் ஏக்கம் எனக்கு மிகுதியாக இருந்தது. பின்னரே, நமக்கு முன்னர் எத்தனை தலைமுறைகள் இவ்வழியே வந்தன என்பதை அறிந்தேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காய்ச்சலால் அவதியுற்ற ஆங்கிலேயர் தம் படையைப் பெங்களூருக்கு மாற்றி, 1809 இல் கண்டோன்மெண்டை நிறுவினர். சென்னை மாகாணப் படையுடன் தமிழ்ச் சிப்பாய்களும், அவர்களுக்குச் சோறாக்குவோரும், துணி வெளுப்போரும், கொத்தர்களும், வணிகர்களும் வந்து தங்கினர். சிவாஜிநகருக்கு அந்நாளில் பிளாக்பள்ளி என்று பெயர். 1864 இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டிற்கு இருப்புப்பாதை வந்தபின், வட ஆற்காட்டு மக்களுக்கு இவ்வூர் அடுத்த வீடு போல ஆயிற்று. 1949 இல்தான் கண்டோன்மெண்டும் பழைய பெங்களூர் நகரும் இணைந்து ஒரே மாநகராட்சி ஆயின.

எனினும், அடுத்த வீடு என்று நினைத்த இடத்தில் அச்சமும் ஒரு நாள் வந்தது. நாங்கள் குடியேறி மூன்று திங்களே ஆகியிருந்தன. காவிரி நீரைத் திறந்துவிடும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதையொட்டி, 2016 செப்டம்பர் 12 ஆம் நாள் நகரில் கலவரம் மூண்டது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. எங்கள் தெருவில் கடைகள் நண்பகலிலேயே மூடப்பட்டன. என் கணவர் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். குழந்தைக்கு உரக்கப் பேசும் வயது. அவள் தமிழில் ஏதேனும் கூவுவாளோ என்று சன்னலைச் சாத்தி வைத்தேன். அதை இன்று எழுதுகையில் வெட்கமாக இருக்கிறது. ஆயினும் அன்று அப்படித்தான் செய்தேன். மறுநாள் பக்ரீத் பண்டிகை. கீழ்வீட்டு உருது பேசும் மூதாட்டி, எவ்வாறோ கிடைத்த ஒரு பொட்டலம் பாலுடன் மாடியேறி வந்து, சன்னலைத் தாமே திறந்துவிட்டு, "பிள்ளைக்குக் காற்று வேண்டாமா?" என்று கேட்டார். அன்று முதல் பிள்ளைகளுக்கு அவர் 'நானி' ஆனார். அந்த வாரம் எங்களுக்கு வேறு தீங்கு ஒன்றும் நேரவில்லை. நகரின் பிற பகுதிகளில் இருந்த நம்மவர் சிலருக்கு நேர்ந்ததை நினைத்தால் நாங்கள் பேறு பெற்றவர்களே.

அன்றாட வாழ்விற்கு வருகிறேன். ரஸ்ஸல் மார்க்கெட் 1927 இல் கட்டப்பெற்றது. 2012 பிப்ரவரியில் தீப்பற்றிப் பல கடைகள் சாம்பலாயின. வணிகர் மீண்டும் அங்கேயே கடை விரித்தனர். என் மகள் கன்னடம் பயின்ற முதற்பள்ளி இதுவே. வெங்காயத்தை 'ஈருள்ளி' என்றும், கீரையைச் 'சொப்பு' என்றும் நான் சொல்லப் பழகுவதற்குள் அவள் விலை பேசவே பழகிவிட்டாள். பிறகு ஒரு நாள், தானாக ஒரு புதையலைக் கண்டெடுத்தாள். "அம்மா, நாம் 'ப' என்று தொடங்குவதை இவர்கள் 'ஹ' என்று தொடங்குகிறார்கள்!" என்றாள். பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பாம்பு ஹாவு, பத்து ஹத்து. பழங்கன்னடத்தில் இச்சொற்களும் பகரத்திலேயே தொடங்கின; இடைக்காலத்தில்தான் அது ஹகரமாகத் திரிந்தது என்று மொழிநூலார் கூறுவர். எட்டு வயதுச் சிறுமி காய்கறிக் கூடையுடன் நின்று இதனைக் கண்டாள் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமைதான். அடுத்த வாரமே வேறொரு சாவியும் கிடைத்தது. நம் வகரம் அங்கே அழுத்தமான பகர ஒலியாகிறது: வில் பில்லு, வெல்லம் பெல்ல, வாழை பாளெ. இந்த இரண்டு சாவிகளையும் கொண்டு அவளும் தம்பியும் வீட்டிலுள்ள பொருள்களுக்கெல்லாம் கன்னடப் பெயர் சூட்டினர். பாதி சரியாகவும் பாதி நகைப்பிற்குரியதாகவும் அமைந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் செலவில்லாத இடங்களையே நாடுவோம். கப்பன் பூங்காவிற்குச் செல்லும்போது, அதன் ஓரத்தில் நிற்கும் செந்நிற உயர் நீதிமன்றக் கட்டடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது வழக்கம். 1868 இல் முடிவுற்ற அதனைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். எளிய வணிகராக வாழ்வைத் தொடங்கிய அவரே 1873 இல் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நிறுவினார். நான் இதைச் சொல்லும்போதெல்லாம் மகன், "அவர் ஐஸ்கிரீம் கடையும் வைத்தாரா?" என்று கேட்பான். லால்பாக்கில் அவனுக்கு மலரைக் காட்டிலும் பாறையே விருப்பம். அது முந்நூறு கோடி ஆண்டுப் பழமை வாய்ந்தது என்று அவனிடம் கூறினால், "தாத்தாவைவிடவா?" என்பான்.

அந்தத் தாத்தாவைப் பற்றித்தான் நான் எழுதப் புகுந்தேன்.

என் மாமனார் குடியாத்தத்தில் விசைத்தறிக் கூடத்தில் முப்பது ஆண்டுகள் லுங்கி நெய்தவர். தறியின் இரைச்சல் அவர் செவியைச் சிறிது சிறிதாகத் தின்றுவிட்டது. செவிக்கருவி வாங்கிக் கொடுத்தோம். தலைக்குள் தறி ஓடுவது போல் இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். ஆகவே தொலைபேசி அவருக்குப் பயனற்றது. மாதம் ஒருமுறை கடிதம் எழுதுவார். 2022 ஆம் ஆண்டு கோடையில் வந்த கடிதம் பேத்தியின் பெயருக்கே வந்திருந்தது. ஒன்பது வயது நிரம்பிய அவள் உறையைப் பிரித்தாள்; பார்த்தாள்; என்னிடம் நீட்டி, "நீங்களே படியுங்கள் அம்மா" என்றாள்.

அவளுக்குத் தமிழ் எழுத்துகள் சில தெரியும், படிக்கத் தெரியாது. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் கற்கிறாள். கருநாடகத்தில் கன்னடம் கற்பதைக் கட்டாயமாக்கிய சட்டம் 2015 இல் இயற்றப்பட்டு 2017-18 கல்வியாண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதில் எனக்குக் குறையில்லை. உண்ணும் சோறு விளையும் நிலத்தின் மொழியைப் பிள்ளைகள் கற்கத்தான் வேண்டும். குறை எங்களுடையது. வீட்டில் பேசுகிறோமே, எழுத்து தானே வந்துவிடும் என்று இருந்துவிட்டோம். எழுத்து தானே வருவதில்லை அன்பர்களே.

அவ்வாண்டு ஜூலையில் மாமனாரை அழைத்து வந்து எங்களுடன் வைத்துக்கொண்டோம். பேத்தி பேசினால் அவருக்குக் கேளாது. எழுதினால் அவளுக்கு வராது. ஒரு வாரம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தனர். எட்டாம் நாள் அவர் தாமே சிலேட்டு ஒன்று வாங்கி வந்தார். நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பிலும் அவளைச் சேர்த்தோம்; ஆயினும் உண்மையான வகுப்பு எங்கள் வாயிற்படியில்தான் நடைபெற்றது.

அவளுடைய ஐயங்கள் என்னைத் திணறச் செய்தன. "கன்னடத்தில் க, க்ஹ, க³ என்றெல்லாம் தனித்தனி எழுத்துகள் உள்ளன. தமிழில் ஒரே 'க' தானே? கண்ணனுக்கும் காந்திக்கும் ஒரே எழுத்தா? எப்படி அறிவது?" என்று கேட்டாள். எனக்கு விடை வரவில்லை. சிலேட்டில் அதனை எழுதச் சொன்னேன். தாத்தா படித்துவிட்டு, "கேட்டுத்தான் அறிய வேண்டும்" என்று எழுதினார். கேளாச் செவியினர் எழுதிய விடை அது. அவர் நகைப்பதற்காக எழுதினாரா, மெய்யாகவே எழுதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ந, ன, ண வேறுபாட்டில் அவள் அழுதேவிட்டாள்.

செப்டம்பர் 8 ஆம் நாள் புனித மரியன்னை பேராலயத் திருவிழா. செஞ்சிப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழ்க் கிறித்தவர்களின் சிறு கூரைக் கோயிலில் தொடங்கி, இன்றுள்ள கோபுரக் கட்டடமாக 1882 இல் உயர்ந்த ஆலயம் அது. சமயம் எதுவாயினும் அன்று சிவாஜிநகர் முழுதும் தெருவில்தான் இருக்கும். சேலை உடுத்திய அன்னையின் தேரைக் காணப் பிள்ளைகளுடன் நாங்களும் சென்றோம். அந்த வாரம் நகரில் பெருமழை பெய்திருந்தது; தெருவெல்லாம் சேறு. இளையவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்த என் கணவரின் முகம் வெளிறியது. தாத்தாவைக் காணோம்.

கூப்பிட்டால் கேட்காது, தொலைபேசி கொள்ளாதவர், கன்னடமும் உருதும் அறியாதவர். பேருந்து நிலையம் வரை ஓடினோம், மலர்க்கடைகளில் கேட்டோம், காவலரிடம் கூறினோம். இரண்டு மணி நேரம் கழிந்தது. மகள் அழவில்லை. "தாத்தாவின் சட்டைப்பையில் தாள் இருக்கிறது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அதைச் செவிமடுக்கவில்லை.

சோர்ந்து வீடு திரும்பியபோது அவர் நானியின் வாயிற்படியில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்! ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் கொண்டுவந்து விட்டுச் சென்றதாக நானி கூறினார். தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே எங்கள் முகவரியைக் கன்னடத்தில் அழகாக எழுதியிருந்தாள்; கீழே அதையே தமிழில். தமிழில் 'சிவாஜிணகர்' என்று இருந்தது. மூன்று சுழி ணகரத்தைப் பென்சிலால் அடித்து, அதன் மேல் 'ந' என்று தாத்தா திருத்தியிருந்தார்.

அக்டோபரில் அவரை ஊருக்குக் கொண்டுவிடக் கண்டோன்மெண்டில் வண்டி ஏறினோம். பங்காருப்பேட்டை வரை நிலையப் பலகைகளில் கன்னடம். அதைக் கடந்தால் குப்பத்தில் தெலுங்கு. மலைச்சரிவு இறங்கி ஜோலார்பேட்டையில் தமிழ். ஏறத்தாழ 140 கிலோமீட்டரில் மூன்று எழுத்துகள்! கன்னடம் வரை மகள் விரைந்து படித்தாள். தெலுங்கைப் பாதி ஊகித்தாள். தமிழ் வந்ததும் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் அமர்ந்தாள். வாணியம்பாடியை வண்டி நின்றபின் எழுதி முடித்தாள். பச்சகுப்பத்தில் வண்டி நிற்கவில்லை. 'பச்ச' வரை எழுதியிருந்தாள், மீதியைத் தாத்தா நிறைவு செய்தார். குடியாத்தத்தைப் பலகை பாராமலே எழுதினாள்.

இப்போது மாதம் ஒரு கடிதம் செல்கிறது. மாதம் ஒன்று வருகிறது. அவர் மடலில், சென்ற கடிதத்தின் பிழைகள் வரிசை எண் இட்டு இறுதியில் இருக்கும். முன்பெல்லாம் அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டித் திருத்திக்கொள்வாள். சென்ற மாதம், தானே உறையை ஒட்டிவிட்டு அஞ்சல் தலைக்கு மட்டும் காசு கேட்டாள்.