செவ்வாய்ச் சந்தைக்கு ரயிலில் போவோம்

13-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிராக்டனின் பெயரில் வழங்கும் நூலில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு மனிதன் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம் 20 மைல். அதை மூன்றாகப் பங்கிட வேண்டும். சந்தைக்குப் போக ஒரு பங்கு, வாங்கி விற்க ஒரு பங்கு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு பங்கு. ஆகவே, ஏற்கெனவே சந்தை கூடும் ஊரிலிருந்து ஏறத்தாழ 10.7 கிலோமீட்டருக்குள் இன்னொரு சந்தை முளைக்கக் கூடாது. இங்கிலாந்தின் சந்தை ஊர்கள் சின்னச் சின்னதாக, அடுத்தடுத்து அமைந்ததற்குப் பின்னால் இப்படியொரு நடைக்கணக்கு இருக்கிறது.

இந்த ஊர்களைக் காரில் சுற்றிப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ரயிலில் போய் இறங்கி, பஸ் பிடித்து, சந்தைத் திடலை ஒட்டிய பப்பில் மத்தியானம் சாப்பிட்டால்தான் ஊர் எப்படி இயங்குகிறது என்பது பிடிபடும். அதற்கு யார்க்ஷயரின் செட்டில் நல்ல தொடக்கம். 1249-இல் மன்னர் மூன்றாம் ஹென்றி காலத்தில் சந்தை உரிமை பெற்ற ஊர். இன்றும் செவ்வாய்க்கிழமைதான் சந்தை. லீட்ஸிலிருந்து ரயில் இருக்கிறது. நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் திடலுக்கு வந்துவிடலாம்.

செட்டிலிலிருந்து வடக்கே கார்லைல் வரை போகும் பாதையில் 1876-இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. ரிபிள்ஹெட் என்ற இடத்தில், ஈரச் சதுப்பின் மேல், 24 வளைவுகளோடு ஒரு கற்பாலம் நிற்கிறது. அதை எழுப்பிய தொழிலாளர்கள் அந்தக் காற்றிலும் மழையிலும் குடிசை போட்டு, குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். அங்கே மாண்டவர்களும் ஏராளம்.

1963-இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கை, பிரிட்டனில் 2,363 நிலையங்களை மூடச் சொன்னது. பல சந்தை ஊர்கள் அப்போது ரயிலை இழந்தன. இந்தப் பாதையும் அந்தப் பட்டியலில் இருந்தது. அப்போது தப்பித்தாலும், 1970-இல் வழியிலுள்ள சிறு நிலையங்கள் மூடப்பட்டன. 1980-களில், பாலத்தைப் பழுதுபார்க்க ஆகும் செலவைக் காட்டி, பாதையையே மூட முனைந்தார்கள். மக்கள் விடவில்லை. ஆட்சேபம் தெரிவித்தவர்களில் ரஸ்ஸப் என்ற நாயும் உண்டு. பாதையைக் காக்கத் திரண்ட சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் வளர்த்த நாய் அது. கட்டணம் கொடுத்துப் பயணம் செய்த பயணி என்பதால், அதன் பாதத் தடமும் ஆட்சேபமாக ஏற்கப்பட்டது. 1989 ஏப்ரலில் பாதை பிழைத்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அந்த மனிதர் வேல்ஸ் மலையில் இறந்துபோக, குளிரில் பதினொரு வாரம் உடலை விட்டு நகராமல் காத்துக் கிடந்தது ரஸ்ஸப். இதே பாதையிலுள்ள கார்ஸ்டேல் நிலையத்தில் அதற்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். அங்கே இறங்கி, அதன் தலையைத் தடவிவிட்டு வாருங்கள்.

கார்ஸ்டேலில் இறங்குவதற்கு இன்னொரு காரணம், ஹாஸ். அங்கேயும் செவ்வாய்க்கிழமைதான் சந்தை. வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டிக்கும், உழவர்களே உரிமையாளர்களாக இருக்கும் ஆட்டுச் சந்தைக்கும் பெயர் பெற்ற ஊர். 1959-இல் கடைசிப் பயணிகள் ரயிலும் நின்றது. பழைய நிலையத்தில் இப்போது அருங்காட்சியகம் நடக்கிறது. நடைமேடையில் ஓடாத ரயில் ஒன்று நிற்கிறது. கார்ஸ்டேல் நிலையத்துக்கும் ஹாஸுக்குமான இடைவெளியை நிரப்புவது ‘லிட்டில் ஒயிட் பஸ்’. ஊர்க்காரர்களே நடத்தும் சமூக பஸ் இது. ஓட்டுநர்களில் தன்னார்வலர்கள் உண்டு. ரயில் வரும் நேரத்துக்கு ஏற்ப பஸ் வந்து நிற்கும் இந்த எளிய ஏற்பாட்டைவிட ஒரு சிற்றூருக்குப் பெரிய உதவி வேறென்ன வேண்டும்? பள்ளிப் பிள்ளைகள், மருந்து வாங்கப் போகும் பாட்டிமார், மலையேற வந்தவர்கள் என்று எல்லோரும் அதில் ஒன்றாக ஏறுகிறார்கள்.

பப்பை வெறும் மதுக்கடையாக நினைத்து ஒதுங்க வேண்டாம். குடிக்காதவர்களும் குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுவார்கள். நாய்கள் மேசைக்கடியில் படுத்திருக்கும். பெரும்பாலும் பரிமாறுபவர் மேசைக்கு வந்து கேட்கமாட்டார். நாமே கவுன்ட்டருக்குப் போய்ச் சொல்லிப் பணம் கொடுக்க வேண்டும். அங்கே நிற்கும்போதுதான் பக்கத்திலிருப்பவர் பேச்சுக் கொடுப்பார். பீப்பாயிலேயே நொதித்து முதிரும் ஏல் வகை பீரை, நிலவறையிலிருந்து கைப்பம்ப்பால் இழுத்து ஊற்றுவார்கள். பெரிய ஆலைகளின் வாயு ஏற்றிய பீர் அதை ஒழித்துவிடாமல் காக்க, 1971-இல் நுகர்வோர் இயக்கமே பிறந்தது. பல பழைய விடுதிகளின் முகப்பில் உயரமான வளைவு வாசல் இருக்கும். குதிரை வண்டி உள்ளே நுழைவதற்காகக் கட்டியது அது. ரயில் வருவதற்கு முன் அந்த விடுதிதான் ஊரின் பஸ் நிலையம். 1988 வரை பப்புகள் பிற்பகலில் மூடியாக வேண்டும் என்ற சட்டம் இருந்தபோதுகூட, சந்தை நாளில் பல ஊர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

ஹாஸுக்கும் கார்ஸ்டேலுக்கும் இடையே மறுபடி தண்டவாளம் போட வேண்டும் என்று ஓர் இயக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறது. நியாயமான கோரிக்கை, நிறைவேற வேண்டும். அதுவரை அந்தச் சின்ன பஸ்தான் வழி. போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை போங்கள். திரும்பும் ரயிலுக்குப் பொருந்தும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலிலேயே கேட்டுக்கொண்டு, பிறகு சாப்பிட உட்காருங்கள்.