மைப்படிக்குப் பின்னால் ஒரு மொழியியல் பட்டம்

செஞ்சிக்கு வருகிறவர்கள் நேரே ராஜகிரிக் கோட்டைக்குத்தான் ஓடுவார்கள். 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு கேட்கவே வேண்டாம்! நாம் கொஞ்சம் சிங்கவரம் பக்கம் திரும்புவோம், வாருங்கள். அங்கே இருக்கிறது திருநாதர் குன்று. பாறை முகத்தில் இரண்டு வரிசையாக 24 சமணத் தீர்த்தங்கரர்கள். அடடா என்று வாய் பிளந்து நிற்கும்போதே இன்னொரு அதிசயமும் காத்திருக்கிறது: ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட செய்தியைச் சொல்கிறது. 'ஐ' என்ற எழுத்தை நாம் பார்க்கக் கிடைத்த மிகப் பழைய இடங்களில் இதுவும் ஒன்று என்பார்கள்.

இப்படிப்பட்ட எழுத்தையெல்லாம் யார் படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள்? திரையைச் சற்றே விலக்கிப் பார்ப்போம்.

முதலில் தூரிகையும் தண்ணீரும். பாறையின் பாசியும் மண்ணும் போக வேண்டும். பிறகு நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறக்குவார்கள். அதன்மேல் மையை ஒற்றினால் மேடெல்லாம் கறுப்பு, எழுத்து மட்டும் வெள்ளை! இதுதான் மைப்படி. காற்று வீசினாலும் போச்சு, தாள் சீக்கிரம் காய்ந்தாலும் போச்சு.

எழுத்தைப் படித்தாயிற்று. மொழியியல் படித்தவரின் உற்சாகம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. திருநாதர் குன்றுக் கல்வெட்டில் 'ஆசிரிகரு' என்று இருக்கிறது. கடைசியில் அந்த உகரம் ஏன்? வெட்டியவரின் கைப்பிழையா, அன்றைய உச்சரிப்பா, வேற்றுமை உருபின் எச்சமா? ஓர் உகரத்தை வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுது முழுக்க வாதாடலாம். அப்படி வாதாடுகிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கோ. விசயவேணுகோபாலையே பாருங்கள். 1968இல் நன்னூலை நவீன மொழியியல் நோக்கில் ஆராய்ந்த அவருடைய ஆங்கில நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பின்னாளில் அதே கண் கல்லின் பக்கம் திரும்பியது. புதுச்சேரிப் பகுதிக் கல்வெட்டுகளை பாகூர் சு. குப்புசாமி தொகுக்க, இவர் பதிப்பித்தார். 2006இலும் 2010இலும் இரண்டு பகுதிகளாக வந்தன. இலக்கணத்திலிருந்து பாறைக்கு! "மொழியியல் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கவலைப்படும் பெற்றோருக்கு இந்தப் பயணத்தை விரிவாகச் சொல்ல ஆசை.

சிதம்பரம் பக்கம் போனால் இன்னும் கதைகள். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை வளர்த்த ச. அகத்தியலிங்கம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் ஆனார். 1981இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக உட்கார்ந்த வ.ஐ. சுப்பிரமணியமும், அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல் முடித்தவர்தான். சிகாகோவில் முனைவர் பட்டம் வாங்கிய இ. அண்ணாமலை, மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்துக்கு இயக்குநரானார். 1992இல் வந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'யின் ஆசிரியர் குழுத் தலைவரும் அவரே. நாம் இன்று பேசி எழுதும் தமிழை, கதைகளிலிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும் வாக்கியம் வாக்கியமாகச் சேகரித்து அடுக்கிய அகராதி அது!

இன்னொரு கதவு கணினிக்குத் திறக்கிறது. ந. தெய்வசுந்தரத்தின் 'மென்தமிழ்' மென்பொருள் ஒற்றுப்பிழையைச் சுட்டுகிறதென்றால், உள்ளே உட்கார்ந்து வேலை செய்வது சந்தி விதிகள்தாம். 'மரம்' எப்படி 'மரத்தை' ஆகிறது என்று கணினிக்குப் புரியவைக்க, அதை வகுத்துச் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். குரலைக் கேட்டு எழுதும் செயலிக்கும் அதே ஆள்தான் வேண்டும். செஞ்சிச் சந்தையின் பேச்சு செய்தி வாசிப்பவரின் பேச்சு அல்லவே!

அந்தச் சந்தையைச் சுற்றித்தான் எத்தனை மொழிகள் வந்து போயிருக்கின்றன! நாயக்கர்களோடு தெலுங்கு, 1677இல் சிவாஜியோடு மராத்தி, பள்ளிவாசல் கல்வெட்டில் பாரசீகம், 1750இல் பிரெஞ்சு, 1761இல் ஆங்கிலம். ஒலிப்பதிவுக் கருவியோடு செஞ்சித் தெருக்களில் இறங்கும் மாணவிக்கு இங்கே ஓர் ஆய்வேடே காத்திருக்கிறது.