பிரிண்டரிலிருந்து புறப்பட்ட ரயில் பெட்டி!

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் என்ன செய்கிறோம்? படம் பார்க்கிறோம், கேம் விளையாடுகிறோம், பிள்ளைகளின் புராஜெக்டுக்கு நாலு பக்கம் பிரிண்ட் எடுக்கிறோம். அப்புறம்? அதே கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் வைத்துக்கொண்டு, கையால் ஒரு மாடல் ரயில் பெட்டியே செய்யலாம். நானும் அப்பாவும் செய்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்தில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் ஈரோட்டுக்குப் பஸ் ஏற வேண்டும். சின்ன வயதில் அப்பா என்னை அப்படித்தான் கூட்டிப் போவார். அவர் வைத்திருந்தது லேத் பட்டறை. நான் சாஃப்ட்வேர் பக்கம் போய்விட்டேன். போன வருடம் அப்பாவுக்குக் கண் பார்வை மங்கியது. பட்டறைக்கு வேலை வருவதும் குறைந்தது. லேத்தை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு கிளம்பியது. அந்தச் சமயத்தில்தான், "விக்கறதுக்கு முன்னால நாம ரெண்டு பேரும் ஒரு ரயில் பெட்டி செய்யலாமுங்களாப்பா?" என்று கேட்டேன்.

எந்தப் பெட்டி?

ஈரோட்டில் பார்த்த அதே நீலப் பெட்டிதான். சென்னை பெரம்பூரில் 1955-ல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். தொழிற்சாலை தயாரித்த பெட்டி அது. 2018 ஜனவரியில் அந்த வகையின் கடைசிப் பெட்டி அங்கிருந்து வெளியேறியது. இப்போது எல்.ஹெச்.பி. வகைப் பெட்டிகளைத் தயாரிக்கிறார்கள். பழைய வகை போய்க்கொண்டிருக்கிறது என்பதே அதைச் செய்ய ஒரு காரணம்.

மாடல் ரயில்களில் உலகெங்கும் பிரபலமான அளவு ஹெச்.ஓ. உண்மையான ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்குவது. இந்த வகுத்தல் கணக்கைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து, ஏ காலத்தில் உண்மையான அளவுகளை மில்லிமீட்டரில் டைப் செய்யவும். பி காலத்தில் ஈக்வல் டு குறி போட்டு, ஏ2, சாய்கோடு, 87 என்று கொடுத்து என்டர் தட்டவும். அந்த செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிக்கும் விடை வந்துவிடும். எங்களுக்கு வந்தவை இவை:

நீளம் 21,337 மி.மீ. - மாடலில் 245.3
அகலம் 3,245 மி.மீ. - 37.3
தண்டவாளத்திலிருந்து உயரம் 4,025 மி.மீ. - 46.3
போகிகளின் மையங்களுக்கு இடையே 14,783 மி.மீ. - 169.9
சக்கர விட்டம் 915 மி.மீ. - 10.5

ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. ஆகவே பெட்டியின் பக்கச் சுவர் முழுதாக ஒரே தாளில் அடங்கிவிடும்!

வரைவது எப்படி?

இங்க்ஸ்கேப் என்ற இலவசப் புரோகிராமைப் பயன்படுத்தினேன். ஃபைல் மெனுவில் டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸ் சென்று, பக்கத்தை ஏ4, படுக்கை வசமாகவும் அளவை மி.மீ. ஆகவும் மாற்றிக்கொள்ளவும். பெட்டியை எதிர் பிளாட்பாரத்திலிருந்து நேராக எடுத்த ஃபோட்டோவை இம்போர்ட் செய்து, அதில் பெட்டி மட்டும் இருக்குமாறு இரு முனைகளையும் வெட்டிக்கொள்ளுங்கள். பூட்டுப் படத்தைக் கிளிக் செய்துவிட்டு அகலம் 245.3 என்று கொடுத்தால் உயரம் தானாகவே சரியாகிவிடும். அதன் மேல் ரெக்டாங்கிள் டூலால் சுவர், கதவு, ஜன்னல்களை வரையலாம். ஒரு ஜன்னலை வரைந்துவிட்டு கண்ட்ரோல், டி அழுத்தினால் அதற்கு ஒரு நகல் கிடைக்கும். எல்லா ஜன்னலையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை.

நான் செய்த தவறு

பிரிண்ட் எடுத்து, ஒரு மி.மீ. அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு ஜன்னலாக பிளேடால் வெட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அப்பா தன் பங்குக்கு பிளைவுட்டில் அடித்தளத்தை அறுத்து வைத்திருந்தார். இரண்டையும் சேர்த்து வைத்தால் சுவர் 7 மி.மீ. குட்டை! தப்பு அவருடையது என்றுதான் நினைத்தேன். பார்வை சரியில்லையே! அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

அப்பா கோபப்படவில்லை. ஸ்டீல் ஸ்கேலை எடுத்து என் கையில் கொடுத்தார். "நா ஸ்கேல வெச்சுத்தான் அறுத்தேன் கண்ணு. உம்பட காயிதந்தான் சுருங்கிப் போச்சாட்ட இருக்குது" என்றார்.

அளந்து பார்த்தேன். அடித்தளம் 245. காகிதம் 238. பிரிண்ட் டயலாக் பாக்ஸில் "ஃபிட் டு பேஜ்" டிக் ஆகியிருந்தது. பிரிண்டர் ஓரத்தில் இடம் விடுவதற்காகப் படத்தை 97 சதவீதமாகச் சுருக்கிவிட்டது. 7 மி.மீ. சின்ன விஷயமாகத் தெரியலாம். 87-ஆல் பெருக்கிப் பாருங்கள். உண்மையான பெட்டியில் அது இரண்டு அடி!

ஆகவே, அளவு முக்கியமான எதைப் பிரிண்ட் செய்தாலும் "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100% என்பதைத் தேர்ந்தெடுக்கவும். தாளின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளத்தில் ஒரு கோடு வரைந்து வையுங்கள். பிரிண்ட் வந்ததும் ஸ்கேலால் அந்தக் கோட்டை அளந்து பார்த்த பிறகே பிளேடைக் கையில் எடுங்கள்.

லேத்துக்கு வந்த வேலை

கடையில் விற்கும் ஹெச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. வெளிநாடுகளில் அதிகமாக உள்ள 1,435 மி.மீ. பாதையின் சுருக்கம் அது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. கடைச் சக்கரம் அதற்குப் பொருந்தாது. ஆகவே அப்பா 12 மி.மீ. பித்தளை ராடை லேத்தில் மாட்டி, 10.5 மி.மீ. விட்டத்துக்கு எட்டுச் சக்கரங்கள் கடைந்தார். உள்பக்கம் ராடின் முழுக் கனத்தையும் விளிம்பாக விட்டுவிட்டார்.

காகிதத்தில் இருந்த படம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டிக் காட்டினேன். 10.5 மி.மீ. சக்கரம் மானிட்டர் முழுக்கத் தெரிந்தது. அதுவரை கம்ப்யூட்டர் பக்கமே வராதவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்போது அவரே உருட்டிப் பார்த்துக்கொள்கிறார்.

பெட்டி எங்கள் டி.வி. ஸ்டாண்டில் 19.3 மி.மீ. தண்டவாளத்தில் நிற்கிறது. லேத்தை விற்கும் பேச்சு இப்போதைக்கு இல்லை. அடுத்து என்ஜின் செய்ய வேண்டுமாம்.

நீங்களும் ஒரு பெட்டியோடு தொடங்குங்கள். வீட்டில் லேத் இல்லாவிட்டால் பரவாயில்லை, சக்கரத்தை அட்டையிலேயே வெட்டலாம். ஆனால் அந்த 100 மி.மீ. கோட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள்!