கணினியின் பழுதறிதல்

மேசைக் கணினி வேலையின் நடுவே திடீரென நின்றுபோதலும், நீலத்திரை காட்டித் தானே மீண்டும் தொடங்குதலும் நம்மிற் பலர் கண்டனவே. அப்பொழுது பழுது இன்னதெனத் தெளியாமுன் புதிய உறுப்புக்களை வாங்கி மாற்றுவோர், பொருளிழந்தும் பழுது நீங்கப்பெறார். ஆதலின் அதனை ஆராயும் முறையை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

முதற்கண், கணினி இயங்கும்பொழுதே நம் கோப்புக்களை வேறிடத்திற் படியெடுத்து வைத்தல் வேண்டும். உறுப்புக்கள் விலைக்குக் கிடைக்கும். ஓராண்டு உழைத்தெழுதிய ஆராய்ச்சியுரை கிடையாது.

அடுத்து, அது நிற்கும் சமயத்தை நோக்குவாம். பளுவான வேலையின்போது மாத்திரம் நிற்குமாயின், வெப்பத்தையேனும் மின்வழங்கியையேனும் ஐயுறலாம். விசிறியில் தூசி அடைந்து வெப்பம் 100 பாகை செல்சியசை அணுகின், செயலிகள் பல தம்மைக் காத்தற்பொருட்டு வேகம் குறையும். பின்னும் ஏறின் கணினி அணைந்துவிடும். மின்வழங்கியின் 12 வோல்ட்டு, பொதுவாக நூற்றுக்கு 5 பங்கிற்குமேல் ஏறவோ இறங்கவோ கூடாது.

வேலை சிறிதாயினும் பெரிதாயினும் நிற்குமாயின், ரேம் எனும் நினைவகத்தைச் சோதித்தல் தகும். மெம்டெஸ்ட்86 என்னும் நிரலை இரவு முழுதும் ஓட்டுக. பிழை ஒன்று தோன்றினும், ரேம்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க. எந்த ரேமை இட்டாலும் ஒரே செருகுவாயிற் பிழை வருமாயின், குற்றம் பெரும்பாலும் தாய்ப்பலகையினதே.

எவ்வாறாயினும், ஒருகால் ஓருறுப்பையே மாற்றுக. இரண்டினை ஒருங்கே மாற்றின், பழுது எதனால் நீங்கிற்றென்பது புலப்படாது. குற்றமற்றதும் குப்பையிற் சேரும்.