பழைய தையல் இயந்திரங்களை வீட்டில் பழுதுபார்த்தல்

பழைய தையல் இயந்திரம் என்பது இக்கட்டுரையில், காலால் மிதித்தோ கையால் சுழற்றியோ இயக்கப்படும், வார்ப்பிரும்பு உடல் கொண்ட, நேர்தையல் போடும் வீட்டுத் தையல் இயந்திரத்தைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது தையல் மிஷின் எனப்படும். திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்திலுள்ள சேவுகம்பட்டி போன்ற பேரூராட்சிகளில் இரவிக்கை தைப்பதும், சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதும், கிழிந்த துணியை ஒட்டுப்போடுவதும் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில்கள். பல ஆண்டுகள் ஓடாமல் இறுகிவிட்ட மிஷினைக் கெட்டுப்போனதாக எண்ணி எடைக்குப் போட்டுவிடுவதுண்டு. ஆனால் பெரும்பாலும் அதன் இரும்பு கெட்டிருப்பதில்லை. காய்ந்த எண்ணெய், பொருந்தாத ஊசி, தவறாகக் கோத்த நூல், தளர்ந்த பெல்ட் ஆகியவையே வழக்கமான காரணங்கள். இவை நான்கையும் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

வரலாறு

இரண்டு நூல்களைப் பின்னித் தைக்கும் இயந்திரத்துக்கு 1846-இல் எலியாஸ் ஹோவும், மேம்படுத்திய வடிவத்துக்கு 1851-இல் ஐசக் சிங்கரும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். சிங்கர் நிறுவனம் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் நடத்திய பெரிய ஆலை 1980-இல் மூடப்பட்டது. பழைய சிங்கர் மிஷினின் அடித்தட்டில் பொறித்துள்ள எண்ணைக் கொண்டு அது செய்யப்பட்ட ஆலையையும் ஆண்டையும் அறியலாம். இந்தியாவில் 1930-களில் கொல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் நிறுவனம் உஷா மிஷின்களைச் செய்யத் தொடங்கியது. இந்திய வீடுகளில் காணப்படும் கால் மிஷின்களில் பல, சிங்கரின் 15-ஆம் வகை அமைப்பைப் பின்பற்றியவை. அதனால் ஊசி, பாபின் போன்ற உதிரிபாகங்கள் இன்றும் எளிதில் கிடைக்கின்றன.

இயந்திரங்களைக் கண்டித்து எழுதிய காந்தியடிகள் தையல் மிஷினுக்கு விலக்கு அளித்தார். 1924-இல் தில்லியில் சாந்திநிகேதன் மாணவர் ராமச்சந்திரன், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, பயனுள்ளதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சிலவற்றில் சிங்கர் மிஷினும் ஒன்று என்ற பொருளில் அவர் விடையளித்தார். அந்த ஜி. ராமச்சந்திரனே பின்னர், 1947-இல், மருத்துவர் சௌந்தரத்துடன் இணைந்து இதே திண்டுக்கல் மாவட்டத்தில் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார்.

தையல் விழும் விதம்

பழுதைக் கண்டறியத் தையல் எப்படி விழுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஊசி மேல்நூலைத் துணிக்குக் கீழே கொண்டுசெல்கிறது. அது சற்று மேலெழும்போது நூல் தளர்ந்து ஒரு சிறு வளையம் உண்டாகிறது. ஷட்டிலின் கூர்முனை அவ்வளையத்தைப் பிடித்து, கீழ்நூல் சுற்றிய பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. பிறகு, மேலே ஏறி இறங்கும் நெம்புகோல் நூலை இழுத்து முடிச்சைத் துணியின் நடுவில் நிறுத்துகிறது. பற்கள் துணியை அடுத்த தையலுக்கு நகர்த்துகின்றன. வளையம் உண்டாகாவிட்டாலோ, ஷட்டில் அதைப் பிடிக்காவிட்டாலோ தையல் விடுபடும்.

இறுகிய மிஷினை இளக்குதல்

சக்கரத்தைப் பலங்கொண்டு திருப்பக் கூடாது. முதலில் ஊசியையும் பாபின் கேஸையும் கழற்ற வேண்டும். பல மிஷின்களில் ஷட்டிலை மூடியிருக்கும் வளையத்தின் பூட்டைத் திறந்தால் ஷட்டிலும் வெளியே வந்துவிடும். அதன் பாதையில் சிக்கிய ஒரு நூல்துண்டே சக்கரத்தை நிறுத்தப் போதுமானது. தைக்கும் தட்டைக் கழற்றி, பற்களுக்கிடையே திட்டாக இறுகியிருக்கும் பஞ்சையும் தூரிகையால் அகற்ற வேண்டும்.

அதன்பின் எண்ணெய்த் துளைகளிலும், இரும்போடு இரும்பு உரசும் இடங்களிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு வைத்தால் காய்ந்த எண்ணெய் இளகும். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து, அழுக்கைத் துணியால் துடைத்தபின் தையல் மிஷினுக்கான மெல்லிய எண்ணெயை இட வேண்டும். தேங்காய் எண்ணெய் முதலிய சமையல் எண்ணெய்களை இடக் கூடாது. அவை நாளடைவில் பசைபோல் இறுகிவிடும். மண்ணெண்ணெயை அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் பயன்படுத்தக் கூடாது. மோட்டார் பொருத்திய மிஷினில் மோட்டார்மேல் படவும் விடக் கூடாது. உடலைத் துடைக்க ஸ்பிரிட் பயன்படுத்தினால் மெருகும் பொன்னிற எழுத்துகளும் அழிந்துபோகும்.

பொதுவான கோளாறுகள்

தையல் விடுபடுதல்: முதலில் புதிய ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். ஊசியின் நீளப் பள்ளம் நூல் நுழையும் பக்கத்திலும், தட்டைப் பகுதி அதற்கு எதிர்ப்புறத்திலும் இருக்க வேண்டும். ஊசியை மேலே முட்டும்வரை ஏற்றித் திருகை இறுக்க வேண்டும். மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, தடித்த துணிக்கு 16 அல்லது 18 எண் ஊசி பொருந்தும்.

துணிக்கு அடியில் நூல் சிக்குதல்: சிக்கு கீழே தெரிவதால் பாபினைக் குறைகூறுவது இயல்பு. ஆனால் காரணம் பெரும்பாலும் மேல்நூலில்தான் இருக்கும். டென்ஷன் தட்டுகளுக்கிடையே நூல் சரியாக உட்காராவிட்டால் நெம்புகோலால் அதை இறுக்கி இழுக்க முடியாது. எனவே பாதத்தைத் தூக்கிவைத்து, மேல்நூலை முழுவதும் உருவி மறுபடி கோக்க வேண்டும்.

முடிச்சு வெளியே தெரிதல்: கீழ்நூல் துணியின் மேற்புறம் தெரிந்தால் மேல் டென்ஷனைத் தளர்த்த வேண்டும், மேல்நூல் அடியில் தெரிந்தால் இறுக்க வேண்டும். பாபின் கேஸின் சிறு திருகை இறுதியாகவே தொட வேண்டும், அதுவும் ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல்.

மிதித்தும் மிஷின் ஓடாமை: பெல்ட் வழுக்கினால் தோல் நீண்டிருக்கும். சிறிதளவு வெட்டிக் கம்பிக் கொக்கியால் மீண்டும் இணைக்கலாம். சக்கரம் சுற்றியும் ஊசி அசையாவிட்டால், பாபின் சுற்றுவதற்காகத் தளர்த்திய நடுத்திருகு இறுக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அதைக் கழற்றி மாட்டியபின் இக்கோளாறு வந்தால், உள்ளிருக்கும் வாஷரைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பயன்படுத்தும் முறை

மேல்சக்கரம் எப்போதும் தைப்பவரை நோக்கியே சுழல வேண்டும். பின்னோக்கிச் சுழன்றால் நூல் சிக்கும். புதிதாகப் பழகுவோர் நூல் கோக்காமல், காகிதத்தில் கோடு போட்டு அதன்மேல் தைத்துப் பழகலாம். ஆனால் காகிதம் ஊசியை மழுக்கும் என்பதால், அதற்குப் பழைய ஊசியே போதும். துணியைக் கையால் இழுக்கக் கூடாது. இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் மோதும். நாள்தோறும் ஓடும் மிஷினைத் தினமும் துடைத்து, சில சொட்டு எண்ணெய் விடுவது நல்லது.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

வார்ப்பிரும்பு உடலில் விரிசல், ஷட்டில் பாதையில் ஆழமான தேய்மானம், ஊசிக்கும் ஷட்டிலுக்கும் உள்ள ஒத்திசைவு தவறுதல் ஆகியவற்றுக்கு அனுபவமுள்ளவரின் கை தேவை. மின்கம்பியின் உறை வெடித்த பழைய மோட்டாரை மின்பணியாளரிடம் காட்டாமல் இயக்கக் கூடாது.

ஏழைப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் வாழ்வாதாரமாகத் தமிழ்நாடு அரசு, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் கீழ் இலவசத் தையல் இயந்திரம் வழங்கிவருகிறது. ஒரு குடும்பம் பிழைக்க ஒரு மிஷின் துணைசெய்யும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. வீட்டு மூலையில் இறுகிக் கிடப்பதும் அத்தகைய ஒரு மிஷின்தான். எடைக்குப் போடுமுன் ஒரு புதிய ஊசி, சிறிது எண்ணெய், ஒரு நாள் உழைப்பு ஆகியவற்றைச் செலவிட்டுப் பார்ப்பது தக்கது.