ஹார்மோன் மாத்திரை: தொடரலாமா? நிறுத்தலாமா?

ஓசூரில் 1980-களில் தொழிற்சாலைகள் பெருகின. லாரியும், மொபெட்டும், கைக்கடிகாரமும் அங்கே தயாராயின. 20 வயதில் வேலைக்குப் போன பெண்களுக்கு இப்போது 55, 60 வயது ஆகிறது.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரப்பது குறைந்து விடும். உடம்பு திடீர் திடீரென்று தகிக்கும். இரவில் வியர்த்துக் கொட்டும். தூக்கம் போகும். எலும்பு மெலியும்.

குறைந்த ஹார்மோனை மாத்திரையாகக் கொடுப்பார்கள். தகிப்பு அடங்கும், தூக்கம் வரும்.

சில ஆண்டுகள் சாப்பிட்ட பிறகு சந்தேகம் வருகிறது. "இன்னும் சாப்பிடலாமா? புற்றுநோய் வருமாமே?"

பயம் எப்படி வந்தது?

அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையுள்ள 16 ஆயிரத்து 608 பெண்களிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பிரிவுக்கு ஹார்மோன் மாத்திரை. மற்றொரு பிரிவுக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரை.

2002 ஜூலையில் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயும், பக்கவாதமும், ரத்தக்கட்டும் கூடியதே காரணம். பல நாடுகளில் பெண்கள் பயந்து மாத்திரையை விட்டார்கள்.

எவ்வளவு கூடியது? வெறும் மாத்திரை சாப்பிட்ட 10 ஆயிரம் பேரில், ஓர் ஆண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு வந்தது. இடுப்பு எலும்பு முறிவோ 15 பேரில் இருந்து 10 பேராகக் குறைந்தது.

அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று 10 ஆண்டுக்குள், 60 வயதுக்கு முன்பே தொடங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்று டாக்டர்கள் இப்போது சொல்கிறார்கள்.

ஆனால் ஆண்டுகள் கூடக் கூட, ஆபத்தும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

எல்லோருக்கும் ஒன்றல்ல

கருப்பை உள்ளவர்களுக்கு இரண்டு ஹார்மோன் வேண்டும். ஈஸ்ட்ரோஜனை மட்டும் சாப்பிட்டால் கருப்பையில் புற்றுநோய் வரக்கூடும். கருப்பை எடுக்கப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு வந்தவர்களுக்குப் பொதுவாக இந்த மாத்திரை ஆகாது.

மாதவிலக்கு நின்ற பின் மறுபடி ரத்தம் பட்டால், உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வருஷம் ஒரு முறை

65 வயதில் நிறுத்தியே தீர வேண்டும் என்று விதி இல்லை. ஆனால் பழைய சீட்டைக் காட்டி, மருந்துக் கடையில் ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது தவறு.

ஆண்டுக்கு ஒரு முறை டாக்டரிடம் கேட்க வேண்டியவை இவை: மாத்திரை இன்னும் தேவையா? அளவைக் குறைக்கலாமா? தோலில் தடவும் மருந்துக்கு மாறலாமா? (அதில் ரத்தக்கட்டு ஆபத்து குறைவு.) மார்பகச் சோதனை எப்போது?

ஓசூரில் இருந்து பெங்களூரு சுமார் 40 கிலோ மீட்டர். அத்திப்பள்ளியைத் தாண்டி அங்கே சிகிச்சைக்குப் போகிறவர்கள் உண்டு. ஹார்மோன் மாத்திரை அந்த ஊர் டாக்டர் கொடுத்தது. ரத்த அழுத்த மாத்திரை இந்த ஊர் டாக்டர் கொடுத்தது என்றால், இரண்டு சீட்டையும் இருவரிடமும் காட்ட வேண்டும்.

வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அப்படிப் பார்த்த கணக்கு வீட்டில் இருந்தால், அதையும் எடுத்துப் போகலாம்.

நிறுத்தினால்?

ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தகிப்பு திரும்பி வரும். அதற்குப் பயந்து தானாக மறுபடி தொடங்கக் கூடாது. டாக்டரைக் கேட்க வேண்டும்.

எலும்பும் மறுபடி மெலியத் தொடங்கும். அதற்கு வேறு மருந்து உண்டு. தினமும் நடப்பது நல்லது. ஓசூர், கிருஷ்ணகிரி வீடுகளில் கிண்டும் கேழ்வரகுக் களியில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கிறது. அதை மட்டும் எந்த வயதிலும் நிறுத்த வேண்டாம்!